கணிப்பொறியைக் கூப்பிடும் மணி

கணிப்பொறியின் செயலி ஒரு சமயத்தில் ஓர் ஆணையைத்தான் நிறைவேற்றும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். நினைவகத்திலிருந்து ஓர் ஆணையை எடுப்பது, அதன்படி செய்வது, அடுத்த ஆணைக்குப் போவது. இவ்வளவுதான் அதன் வேலை. அப்படியானால் உங்கள் மனத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். செயலி ஏதோ ஒரு நீண்ட கணக்கில் மூழ்கியிருக்கும் வேளையில் நீங்கள் விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டுகிறீர்கள். அது செயலிக்கு எப்படித் தெரிகிறது? அதற்குக் கண்ணுமில்லை, காதுமில்லை. அது படித்துக்கொண்டிருக்கும் ஆணைத்தொடரிலோ உங்கள் விரலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இந்தக் கேள்விக்குப் பொறியியல் வல்லுநர்கள் கண்ட விடைக்குக் 'குறுக்கீடு' என்று பெயர். இன்று உங்கள் கைப்பேசி முதல் மருத்துவமனைக் கருவிகள் வரை எல்லாம் இதை நம்பியே இயங்குகின்றன. ஆனால் முதல் கணிப்பொறிகளில் இந்த வசதி இல்லை. அது வந்தபோதும் எல்லாரும் அதை மகிழ்ச்சியோடு வரவேற்கவில்லை. உலகின் தலைசிறந்த கணிப்பொறி அறிஞர் ஒருவரே இதைக் கண்டு அஞ்சினார். அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே காண்போம்.

சூளையும் கூம்பும்

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. அந்த வட்டாரம் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணடுக்குகளில் பீங்கானுக்கு உதவும் களிமண்ணும் கிடைக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் உண்டு.

பீங்கான் சூளையில் வெப்பம் போதிய அளவு ஏறிவிட்டதா என்று அறிய ஒரு பழைய வழி இருக்கிறது. 1886-இல் ஜெர்மானிய வேதியியலார் ஹெர்மன் சேகர் வகுத்த வழி அது. களிமண்ணையும் எளிதில் உருகும் பொருள்களையும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து ஒரு சிறு கூம்பு செய்து, பாண்டங்களோடு சூளைக்குள் வைப்பார்கள். உரிய வெப்பம் தாக்கியதும் அக்கூம்பு தலை சாய்ந்துவிடும். சூளைச் சுவரிலுள்ள சிறு துளை வழியே அதைப் பார்த்து, தீயை எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யலாம்.

இதில் ஒரு சங்கடம் இருப்பதைக் கவனியுங்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது? அடிக்கடி போனால் வேறு வேலை ஓடாது. எப்போதாவது போனால், கூம்பு சாய்ந்து நெடுநேரம் ஆகியிருக்கலாம். உள்ளே இருக்கும் பாண்டங்கள் கோணிப்போயிருக்கும்.

சிறிய மின்சூளைகள் சிலவற்றில் இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. கூம்பின் மேல் ஒரு கம்பியைத் தாங்கவைத்திருப்பார்கள். கூம்பு சாய்ந்ததும் கம்பி இறங்கும். கம்பி இறங்கியதும் வெளியே விசை விழுந்து மின்சாரம் நின்றுவிடும். இங்கே மனிதன் கூம்பைத் தேடிப் போவதில்லை. கூம்பே தன் செய்தியை வெளியே அனுப்புகிறது.

கணிப்பொறியிலும் இந்த இரண்டு வழிகளே உள்ளன. செயலி ஒவ்வொரு கருவியிடமும் முறைவைத்துப் போய், "உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பது ஒரு வழி. கருவியே செயலிக்கு மணியடித்துக் கூப்பிடுவது மற்றொரு வழி. இரண்டாவதுதான் குறுக்கீடு.

காத்திருந்து வீணான நேரம்

முதல் வழியில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய தொலைத்தட்டச்சுப் பொறி வினாடிக்கு 10 எழுத்துகளை அடிக்கும். அதாவது ஓர் எழுத்துக்கு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. 1976-இல் வெளிவந்த இன்டெல் 8085 என்ற நுண்செயலி வினாடிக்கு 30 லட்சம் துடிப்புகளில் ஓடுகிறது என்று கொள்வோம். ஓர் ஆணைக்குச் சராசரியாக 7 துடிப்புகள் செலவானால், ஓர் எழுத்து அடிபடும் நேரத்தில் அது சுமார் 40,000 ஆணைகளை முடித்துவிடும். அந்த நேரம் முழுவதும் அது "முடிந்ததா? முடிந்ததா?" என்று தட்டச்சுப் பொறியையே கேட்டுக்கொண்டிருந்தால், அத்தனை ஆணைகளும் வீண்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1963-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஐ.பி.எம். 1620 என்ற கணிப்பொறி வந்தது. இந்தியாவில் கணிப்பொறிக் கல்விக்கு வழி திறந்த பொறிகளில் அது முக்கியமானது. ஐந்து இலக்க எண்கள் இரண்டைக் கூட்ட அதற்கு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. ஆனால் அதன் தட்டச்சுப் பொறியும் வினாடிக்குச் சுமார் 10 எழுத்துகளே அடித்தது. அது அடித்து முடிக்கும்வரை செயலி கைகட்டி நின்றது. ஏனெனில் அடிப்படை 1620-இல் குறுக்கீட்டு வசதி கிடையாது. ஓர் எழுத்து காகிதத்தில் விழும் நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கூட்டல்களைச் செய்திருக்கலாம்.

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. அதே 1620-ஐத் தொழிற்சாலைகளுக்காக மாற்றி, 1961-இல் 1710 என்ற பெயரில் ஐ.பி.எம். வெளியிட்டது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் வெப்பம், அழுத்தம் முதலியவற்றை அளந்து கட்டுப்படுத்த அது பயன்படும். அந்த 1710-இல் குறுக்கீட்டு வசதியைச் சேர்த்தார்கள். கணக்கு மட்டும் போடும்போது பொறி காத்திருக்கலாம். செலவு நேரம் மட்டுமே. ஆலையில் கொதிகலன் காத்திருக்காது. கணிப்பொறி வெளியுலகத்தோடு உறவாடத் தொடங்கிய இடத்தில்தான் குறுக்கீடு கட்டாயமாயிற்று என்பதை இந்த ஒரு மாற்றமே காட்டிவிடுகிறது.

யார் முதலில் குறுக்கிட்டார்?

குறுக்கீட்டின் வித்து 1951-இல் வந்த யூனிவாக் பொறியிலேயே இருந்தது. கூட்டலின் விடை இடம் கொள்ளாமல் வழிந்தால், அப்பொறி தான் செய்துகொண்டிருந்ததை விட்டு, அதைச் சரிசெய்யும் ஆணைகளுக்குத் தானாகவே தாவும். ஆனால் இது உள்ளே எழுந்த குறுக்கீடு; வெளியிலிருந்து வந்ததன்று.

வெளிக்கருவிகளின் சைகைக்குச் செவிகொடுத்த முதல் பொறி என டிசியாக் என்பதைச் சொல்வார்கள். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 1954-இல் கட்டி முடித்த அப்பொறி, இழுவண்டிகளில் ஏற்றி இடம் மாற்றக் கூடியதாக இருந்தது. அதில் 'அடுத்து எந்த ஆணை?' என்பதைக் குறித்துக்கொள்ளும் எண்ணி ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. வெளிக்கருவியிடமிருந்து சைகை வந்ததும் பொறி ஓர் எண்ணியை விட்டு மற்றதற்கு மாறும். முதல் வேலை எங்கே நின்றது என்பது முதல் எண்ணியிலேயே பத்திரமாக இருக்கும். அடுத்து 1956 அளவில், விமான ஆராய்ச்சிக்கான காற்றுச் சுரங்கத்தின் அளவீடுகளை உடனுக்குடன் வாங்குவதற்காக யூனிவாக் 1103-ஏ பொறியில் இவ்வசதி அமைந்தது. சுரங்கம் ஓடாத வேளையில் பொறி வேறு கணக்கைச் செய்யும். சுரங்கத்திலிருந்து எண்கள் வரும்போது கணக்கை நிறுத்திவிட்டு அவற்றை வாங்கிக்கொள்ளும்.

'எங்கே நின்றோம்' என்பதை மறவாமல் வைத்திருப்பதே இந்தக் கலையின் உயிர் என்பதைக் கவனியுங்கள். கூப்பிட்டதும் ஓடுவது எளிது. விட்ட இடத்துக்குத் துளியும் பிசகாமல் திரும்பி வருவதுதான் அரிது.

அஞ்சிய அறிஞர்

இப்போது ஹாலந்துக்கு வருவோம். 1957 அளவில் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் பிராம் லூப்ஸ்ட்ரா, காரல் ஷோல்டன் என்ற இரு பொறியாளர்கள் எக்ஸ்-1 என்ற கணிப்பொறியை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஆணைத்தொடர்களை எழுதும் பொறுப்பு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற இளைஞருடையது. பொறியில் குறுக்கீட்டு வசதியைச் சேர்க்கப் போகிறோம் என்று அவ்விருவரும் சொன்னபோது அவர் கலங்கிப்போனார். இதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். முடிவைச் சுமார் மூன்று மாதம் தள்ளிப்போட்டார். பிறகுதான் நண்பர்கள் அவரைப் புகழ்ந்து பேசி இணங்க வைத்தார்கள்.

ஏன் இந்தக் கலக்கம்? அதுவரை கணிப்பொறியின் பெரிய சிறப்பு, அதன் மாறா நடத்தை. ஒரே கணக்கை ஒரே எண்களோடு நூறு முறை கொடுத்தால் நூறு முறையும் ஒரே வழியில் ஓடும். பிழை இருந்தால் அதுவும் அதே இடத்தில் மறுபடி தலைகாட்டும், பிடித்துவிடலாம். குறுக்கீடு வந்த பிறகு அந்த உறுதி போயிற்று. மணி எந்தக் கணத்தில் அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு குறிப்பிட்ட ஆணைகளுக்கு நடுவே மணி அடித்தால் மட்டும் தவறாகும் ஒரு பிழை, ஆயிரம் சோதனைகளில் ஒளிந்திருந்து, ஆயிரத்தொன்றாம் முறை வெளிப்படும். மறுபடி ஓட்டிப் பார்த்தால் காணாமல் போகும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. எண்களைக் கொண்டே காட்டிவிடலாம். சூளையைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு கணிப்பொறியை எண்ணிக்கொள்ளுங்கள். கடிகாரம் வினாடிக்கு ஒருமுறை குறுக்கிட்டு, கடந்த வினாடிகளின் எண்ணிக்கையை ஒன்று கூட்டுகிறது. அந்த எண்ணிக்கை நினைவகத்தில் இரண்டு அறைகளில் இருக்கிறது. கீழறை 0 முதல் 255 வரை எண்ணும். அது நிறைந்ததும் மேலறையில் ஒன்று கூடும். அதாவது மேலறையின் ஒன்று 256-க்குச் சமம்.

எண்ணிக்கை 255-இல் நிற்கிறது. கீழறையில் 255, மேலறையில் 0. முதன்மை ஆணைத்தொடர் எண்ணிக்கையைப் படிக்க வருகிறது. முதலில் கீழறையைப் படிக்கிறது: 255. சரியாக அந்தக் கணத்தில் கடிகார மணி அடிக்கிறது. குறுக்கீட்டுப் பணி ஒன்றைக் கூட்டுகிறது. கீழறை 0 ஆகிறது, மேலறை 1 ஆகிறது. பிறகு முதன்மைத் தொடர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து மேலறையைப் படிக்கிறது: 1. அது கண்ட விடை 256 + 255 = 511. உண்மையில் கடந்தது 256 வினாடி. சூளையின் அடுத்த கட்டம் நான்கு நிமிடத்துக்கும் மேலாக முந்தித் தொடங்கிவிடும்.

இதில் யார் செய்தது தவறு? குறுக்கீட்டுப் பணி தன் வேலையைச் சரியாகச் செய்தது. முதன்மைத் தொடரும் எழுதியபடியே படித்தது. தனித்தனியே பார்த்தால் குற்றமில்லாத இரண்டு, ஒன்றின் நடுவே மற்றொன்று புகுந்ததால் பொய்யான விடையைத் தந்தன. டைக்ஸ்ட்ரா அஞ்சியது இதற்குத்தான்.

ஆனால் அவர் அச்சத்தோடு நின்றுவிடவில்லை. எக்ஸ்-1 பொறிக்காகக் குறுக்கீடுகளைக் கையாளும் ஆணைத்தொடரை எழுதி, அதையே தம் டாக்டர் பட்ட ஆய்வின் பொருளாக்கி, 1959-இல் பட்டமும் பெற்றார். சோதித்துப் பார்த்துப் பிழை இல்லை என்று சொல்ல முடியாத இடத்தில், சிந்தித்து நிறுவித்தான் சொல்ல வேண்டும் என்ற கொள்கை அவருக்குள் வேரூன்றியது.

கைகாட்டி மரம்

1960-களின் தொடக்கத்தில், ஒன்றன் நடுவே ஒன்று புகக் கூடாத பகுதிகளைக் காக்க டைக்ஸ்ட்ரா ஓர் ஏற்பாட்டை வகுத்தார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'செமஃபோர்'. இரயில் பாதையில் நிற்கும் கைகாட்டிக்கு வழங்கிய அதே பெயர்!

விருத்தாசலம் சந்திப்பை அறிந்தவர்களுக்கு இதன் பொருத்தம் உடனே விளங்கும். சென்னைக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட கார்டு பாதையில் உள்ள அந்த நிலையத்திலிருந்து கடலூருக்கும் சேலத்துக்கும் பாதைகள் பிரிகின்றன. இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி இருக்கும்போது மற்றொன்றை விடக் கூடாது. கை இறங்கியிருந்தால் போகலாம். நீட்டியிருந்தால் நிற்க வேண்டும். வண்டி வெளியேறிய பிறகே அடுத்ததற்குக் கை இறங்கும். இன்று பெரும்பாலான இடங்களில் வண்ண விளக்குகள் அந்த வேலையைச் செய்கின்றன, விதி மாறவில்லை. நம் சூளைக் கணக்கில், இரண்டு அறைகளையும் படித்து முடிக்கும் வரை கடிகாரத்துக்குக் 'கை நீட்டி' நிறுத்தி வைத்தால் 511 என்ற பொய்விடை வராது.

நிலைய அதிபரின் மேசையில் குறுக்கீட்டின் இலக்கணம் முழுவதையும் காணலாம். அடுத்த நிலையத்திலிருந்து தடக் கருவியின் மணி அடிக்கிறது. அவர் எழுதிக்கொண்டிருக்கும் பதிவேட்டில் எந்த வரியில் நின்றோம் என்று பார்த்துக்கொண்டு எழுந்து போகிறார். எத்தனை முறை மணி அடித்தது என்பதைக் கொண்டு செய்தி இன்னதென்று அறிகிறார். உரிய பதில் கொடுத்துவிட்டுத் திரும்பி, அதே வரியிலிருந்து தொடர்கிறார். ஆபத்தைத் தெரிவிக்கத் தனிக் குறிமணி உண்டு. அது ஒலித்தால் மற்றதெல்லாம் அப்புறம்தான்.

8085 சொல்லும் பாடம்

இனி நுண்செயலிக்குள் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டின் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் பல தலைமுறை மாணவர்கள் கற்ற 8085-ஐயே எடுத்துக்கொள்வோம். அக்காலச் சில்லுகளில் பல அலுமினா பீங்கான் உறைக்குள் வந்தவை. 1971-இல் வந்த முதல் நுண்செயலியான 4004-கூட வெண்ணிறப் பீங்கான் உறையில் கிடைத்தது. விருத்தாசலத்தார் பெருமைப்படலாம்: கணிப்பொறியின் மூளைக்கு மண்டையோடு தந்தது பீங்கான்!

8085-இன் 40 கால்களில் ஐந்து, கருவிகள் மணியடிப்பதற்கானவை. அவற்றுள் மிக உயர்ந்தது ட்ராப். அதற்கு அடுத்து ஆர்.எஸ்.டி. 7.5, 6.5, 5.5, கடைசியில் இன்ட்ர். ஒரே சமயத்தில் இரண்டு மணிகள் அடித்தால் உயர்ந்ததற்கே முதல் மரியாதை.

7.5, 6.5 என்ற விந்தையான எண்கள் எங்கிருந்து வந்தன? அவற்றை 8-ஆல் பெருக்கிப் பாருங்கள். 60, 52, 44 என்று வரும். அந்தந்த மணி அடித்தால் செயலி நினைவகத்தின் அந்தந்த முகவரிக்குத் தாவுகிறது. ட்ராப்புக்கு உரிய முகவரி 36, அதாவது 4.5-இன் எட்டு மடங்கு. எனவே யார் கூப்பிட்டார் என்று செயலி தேடி அலைய வேண்டியதில்லை. மணியே அது போக வேண்டிய வாசலையும் சொல்லிவிடுகிறது.

மணி அடித்ததும் நடப்பவை வரிசையாக இவை. செயலி, கையிலிருக்கும் ஆணையை முதலில் முடிக்கிறது, பாதியில் விடுவதில்லை. அடுத்து எந்த ஆணைக்குப் போக வேண்டுமோ அதன் முகவரியை நினைவகத்தின் 'அடுக்கு' என்ற பகுதியில் வைக்கிறது. தட்டின் மேல் தட்டு அடுக்குவது போன்றது இது; கடைசியாக வைத்ததே முதலில் வெளிவரும். பிறகு மற்றக் குறுக்கீடுகளுக்குக் கதவை அடைக்கிறது. அதன்பின் உரிய முகவரிக்குத் தாவிக் குறுக்கீட்டுப் பணியைச் செய்கிறது. 'திரும்பு' என்ற ஆணை வந்ததும் அடுக்கின் மேலிருக்கும் முகவரியை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கு வருகிறது.

இங்கே மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, 8085 தானாகப் பாதுகாப்பது திரும்பும் முகவரியை மட்டுமே. பதிவகங்களில் இருந்த எண்களை அடுக்கில் ஏற்றி வைப்பதும், திரும்புமுன் இறக்கி வைப்பதும் ஆணைத்தொடர் எழுதுபவரின் கடமை. மறந்தால், முதன்மைக் கணக்கு திரும்பி வந்து பார்க்கும்போது அதன் எண்கள் மாறிப்போயிருக்கும். இரண்டு, அடைத்த கதவைத் திறக்க ஈ.ஐ. என்ற ஆணையைத் தர வேண்டும். மறந்தால், செயலி அதன் பிறகு ட்ராப்பைத் தவிர எந்த மணியையும் கேட்காது.

ஈ.ஐ. ஆணையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைக் கொடுத்த உடனே கதவு திறப்பதில்லை. அதற்கு அடுத்த ஓர் ஆணை முடிந்த பிறகே திறக்கிறது. பொதுவாக அந்த அடுத்த ஆணை 'திரும்பு' என்பதாகவே இருக்கும். ஆகவே செயலி ஊர் திரும்பிய பிறகுதான் அடுத்த விருந்தாளி உள்ளே வர முடியும். இல்லையெனில் மணிகள் விடாது அடிக்கும்போது, திரும்பாத முகவரிகள் அடுக்கில் ஏறிக்கொண்டே போய் இடம் போதாமல் வழிந்துவிடும்.

ட்ராப்பை மட்டும் ஏன் அடைக்க முடியாது? மின்சாரம் நிற்கப் போகிறது என்பது போன்ற செய்திகளுக்காக அது ஒதுக்கப்பட்டது. மின்தேக்கிகளில் மிச்சமிருக்கும் மின்னூட்டம் தீர்வதற்குள் முக்கியமான எண்களைப் பத்திரப்படுத்த வேண்டும். அந்த வேளையில் "இப்போது வேலையாக இருக்கிறேன்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பெரிய பொறிகளில் இதே தத்துவம் இன்னும் விரிவாக அமைந்தது. 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 குடும்பத்தில் குறுக்கீடுகள் ஐந்து வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அதன் வாரிசான 370/155, 1973-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்டது. ஒருவரது அட்டைக்கட்டு படிக்கப்படும்போதே மற்றொருவரது கணக்கு ஓடவும், இன்னொருவரது விடை அச்சாகவும் இத்தகைய பொறிகளில் முடிந்ததற்குக் குறுக்கீடே காரணம்.

மணியே தொல்லையானால்?

எந்த மருந்துக்கும் அளவு உண்டல்லவா? 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ-11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது அதன் கணிப்பொறி 1202, 1201 என்ற அபாய எண்களைக் காட்டியது. இறங்குவதற்குத் தேவைப்படாத ஒரு ரேடாரிலிருந்து ஓயாமல் வந்த துடிப்புகள், செயலியின் நேரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டன. ஒவ்வொரு துடிப்பும் எடுத்தது மிகச் சிறிய நேரமே. சேர்ந்தபோது அது சுமையாயிற்று. நல்லவேளையாக, எந்த வேலை முக்கியம், எதை விட்டுவிடலாம் என்ற வரிசை அதில் முன்பே எழுதப்பட்டிருந்தது. கணிப்பொறி முக்கியமல்லாததைக் கைவிட்டு, இறங்கும் பணியைத் தொடர்ந்தது.

கணிப்பொறி வலைகள் பெருகியபோது இதே நோய் புதுவடிவில் வந்தது. வினாடிக்கு நூறு கோடி துண்மி செல்லும் ஈதர்நெட் கம்பியில், மிகச் சிறிய தகவல் பொட்டலங்கள் வினாடிக்குச் சுமார் 14 லட்சத்து 88 ஆயிரம் வரை வரக்கூடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி அடித்தால் என்ன ஆகும்? செயலி கதவைத் திறப்பதிலேயே காலம் கழித்து, வந்த பொட்டலங்களில் ஒன்றைக்கூட உரியவரிடம் சேர்க்க முடியாமல் போகும். ஓய்வில்லாத உழைப்பு, விளைவு சுழியம்! ஜெஃப்ரி மொகல், கே. கே. ராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் 1996-இல் இந்நிலையை ஆராய்ந்து ஒரு தீர்வை வெளியிட்டார்கள். முதல் பொட்டலம் வந்ததும் மணி அடிக்கட்டும். உடனே அந்த மணியை அடைத்துவிட்டு, வரிசையில் உள்ள மற்றவற்றைச் செயலியே போய் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளட்டும். வரிசை தீர்ந்ததும் மணியை மறுபடி திறந்து வைக்கட்டும். பின்னாளில் லினக்ஸ் இயக்க மென்பொருளும் இவ்வகை ஏற்பாட்டைக் கைக்கொண்டது.

பாருங்கள், பழையது என்று ஒதுக்கிய 'போய்ப் பார்க்கும்' வழி மீண்டும் வந்துவிட்டது! செய்தி அரிதாக வரும்போது மணி நல்லது. அடைமழையாகக் கொட்டும்போது போய் அள்ளுவதே நல்லது. இரண்டில் எது சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை.

சென்னையில் பிறந்த செயலி

நம் நாட்டில் வடிவமைத்த செயலிகளிலும் இந்த மணி உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் உருவான 'சக்தி' செயலிகள், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த இலக்கணத்தைப் பின்பற்றுபவை. அவற்றில் ஒன்று 2018-இல் முதலில் அமெரிக்காவிலுள்ள இன்டெல் ஆலையிலும், பின் மற்றொன்று அதே ஆண்டில் சண்டிகரிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்திலும் சில்லாக வார்க்கப்பட்டன. அந்த இலக்கணப்படி, குறுக்கீடு வந்ததும் மூன்று பதிவகங்கள் வேலை செய்கின்றன. எங்கே நின்றோம் என்பதை ஒன்று குறித்துக்கொள்கிறது. எதனால் நின்றோம் என்பதை இரண்டாவது சொல்கிறது. எங்கே போக வேண்டும் என்பதை மூன்றாவது காட்டுகிறது. 1954-இன் டிசியாக்குக்கும் 2018-இன் சக்திக்கும் இடையே 64 ஆண்டுகள். கேள்விகள் அதேதான்.

குறுக்கீட்டால் மற்றொரு நன்மையும் விளைந்தது. வேலை இல்லாதபோது செயலி உறங்கலாம். மணி அடித்தால் எழுந்தால் போதும். பொத்தான் அளவு மின்கலத்தில் கைக்கடிகாரம் ஆண்டுக்கணக்கில் ஓடுவதும், இதயத் துடிப்பைச் சீராக்கும் சிறு கருவி உடலுக்குள்ளேயே பல ஆண்டுகள் பணிசெய்வதும் இத்தகைய சிக்கனத்தால்தான். அங்கே மணி ஓசை தவறினால் போவது கணக்கன்று, உயிர். டைக்ஸ்ட்ராவின் மூன்று மாதத் தயக்கத்தை நாம் மதிக்க வேண்டியது இதனால்தான். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சி, பின் அதை ஆராய்ந்து வென்றவர் அவர்.

முடிக்குமுன் உங்களுக்கு ஒரு சிறு பயிற்சி. ஒரு பீங்கான் சூளையை 8085 கொண்டு கட்டுப்படுத்த வேண்டும். அதற்கு நான்கு சைகைகள் வருகின்றன: மின்சாரம் நிற்கப் போகிறது, வெப்பம் எல்லை மீறிவிட்டது, ஒரு வினாடி கடந்தது, தொழிலாளி ஒரு விசையை அழுத்தினார். இவற்றை ட்ராப், 7.5, 6.5, 5.5 ஆகிய நான்கு கால்களில் எதை எதனோடு இணைப்பீர்கள்? ஒரு குறிப்புத் தருகிறோம். 7.5 என்ற கால், ஒரு கணம் தோன்றி மறையும் துடிப்பையும் நினைவில் வைத்துக்கொள்ளும். 6.5, 5.5 இரண்டும் அப்படியல்ல. செயலி கவனிக்கும்வரை சைகை நீடித்து நிற்க வேண்டும். உங்கள் வரிசையை எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் எழுதுங்கள். பின் நண்பர் ஒருவரிடம் கொடுத்து, எந்தக் கணத்தில் எந்த மணி அடித்தால் உங்கள் ஏற்பாடு தவறும் என்று தேடச் சொல்லுங்கள். அவர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் வருந்த வேண்டாம். சூளை எரியத் தொடங்குமுன் அது தெரிந்ததே லாபம்.